ஒரு பிடி மண்: ஆன்டிகனி நாடகத்தில் நியாயம் யார் பக்கம்?

கேள்வி இதுதான்: பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோகிளிஸ் எழுதிய ஆன்டிகனி நாடகத்தில், அரசன் தடுத்தும் கேளாமல் கூடப்பிறந்தவனைப் புதைத்தவள் செய்தது சரியா, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நின்ற கிரியோன் செய்தது சரியா? குடும்பமா, சட்டமா?

பரீட்சையில் கேட்டால் "இரு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் ஏறக்குறைய அப்படித்தான் படித்தார். ஒரு பக்கம் குடும்பம், இன்னொரு பக்கம் அரசு. இரண்டும் நியாயமானவை, ஒவ்வொன்றும் மற்றதைப் பார்க்க மறுப்பதால் இரண்டும் அழிகின்றன என்றார். அழகான வாசிப்புதான். ஆனால் நாடகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்கு அந்தக் கோடு அழிந்துகொண்டே வருகிறது. குடும்பம் இந்தப் பக்கம், சட்டம் அந்தப் பக்கம் என்று பிரிந்து நிற்கவே இல்லை. இரண்டும் ஒரே வீட்டுக்குள் கிடக்கின்றன.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரியாமலே தகப்பனைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸுக்கு நான்கு பிள்ளைகள்: எட்டியோக்ளிஸ், பாலினைசிஸ் என்று இரண்டு மகன்கள், ஆன்டிகனி, இஸ்மீனி என்று இரண்டு மகள்கள். தகப்பனுக்குப் பின் தீப்ஸ் நகரத்தின் ஆட்சிக்காக மகன்கள் அடித்துக்கொள்கிறார்கள். வெளியேற்றப்பட்ட பாலினைசிஸ், ஆர்கோஸ் நாட்டில் பெண் எடுத்து, அந்த நாட்டுப் படையோடு சொந்த ஊர் மேலேயே வந்து விழுகிறான். நகரத்தின் வாசலில் இருவரும் ஒருவரையொருவர் குத்திச் சாகிறார்கள். ஆட்சி கிரியோனிடம் வருகிறது. ஊரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம். ஊரைத் தாக்கிய பாலினைசிஸ் நாய்க்கும் கழுகுக்கும் இரையாகக் கிடக்க வேண்டும், அவனை யார் புதைத்தாலும் ஊரார் நடுவில் கல்லால் அடித்துக் கொல்லப்படுவார்கள். இது அவனுடைய முதல் உத்தரவு. நாடகம் அதற்கு அடுத்த விடியலில் தொடங்குகிறது.

இந்த கிரியோன் யார்? ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் 'அங்கிள்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். தமிழில் அப்படித் தாண்ட முடியாது. ஈடிபஸுக்குத் தாயும் மனைவியுமான ஜோகாஸ்டாவின் உடன்பிறப்பு அவன். அதாவது அந்தப் பெண்களுக்குத் தாய்மாமன். தகப்பனும் தாயும் அண்ணன்தம்பியும் போன பிறகு அவர்களுக்குப் பொறுப்பாளி அவன்தான். அவன் மகன் ஹேமோன், ஆன்டிகனிக்கு மாமன் மகன். அவனுக்குத்தான் அவளை நிச்சயம் செய்திருக்கிறார்கள். ஆக, "அரசு" என்ற ஒரு அந்நியனோடு அவள் மோதவில்லை. மாமனோடு, வருங்கால மாமனாரோடு மோதுகிறாள். கிரியோனுக்கும் இது தெரியும். தெரிந்தேதான், அவள் என் உடன்பிறந்தவளின் மகளாக இருந்தாலும் சரி, எங்கள் வீட்டுச் சாமியைக் கும்பிடுகிற எல்லோரையும்விட ரத்தத்தில் நெருங்கியவளாக இருந்தாலும் சரி, தப்ப முடியாது என்கிறான். வீட்டில் இருப்பவர்களுக்கே சலுகை காட்டினால் வெளியாட்களை எப்படி அடக்குவது என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கு முட்டாள்தனமானது இல்லை. இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கிரியோன் மேடைக்கு வந்ததும் பேசுகிற உரை இது: நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை, நாடு என்கிற கப்பல் நிமிர்ந்து ஓடினால்தான் நமக்கு நண்பர்களே வாய்ப்பார்கள். கி.மு. 441 வாக்கில் இந்த நாடகம் ஏதென்ஸில் மேடையேறியது. சுமார் நூறு வருடம் கழித்து, கி.மு. 343இல், பேச்சாளர் டெமாஸ்தனீஸ் தன் எதிரி எஸ்கினீஸ் மீது வழக்குத் தொடுத்தபோது, இதே வரிகளை நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டினார். எஸ்கினீஸ் ஒரு காலத்தில் நடிகர். மூன்றாம் நிலை நடிகராக இருந்து கிரியோன் வேடம் போட்டவர். "மேடையில் இவ்வளவு நல்ல வார்த்தைகளைச் சொன்ன நீ, தூது போன இடத்தில் அதை மறந்துவிட்டாயே" என்பதுதான் குத்தல். ஏதென்ஸ்காரர்கள் காதுக்கு அந்த உரை வில்லன் பேச்சாக விழவில்லை, உருப்படியான அரசியல் அறிவுரையாகத்தான் விழுந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

துரோகியைச் சொந்த மண்ணில் புதைக்கக் கூடாது என்பதும் கிரியோன் இட்டுக்கட்டியது இல்லை. ஏதென்ஸிலேயே அப்படி ஒரு சட்டம் இருந்தது. பாரசீகப் படையைக் கடலில் முறியடித்த தெமிஸ்டோக்ளீஸ் பிற்காலத்தில் துரோகப் பட்டத்தோடு அயல்நாட்டில் செத்தபோது, அவருடைய எலும்புகளை உறவினர்கள் ரகசியமாகக் கொண்டுவந்து ஊர் மண்ணில் புதைத்ததாகப் பேச்சு இருந்தது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சட்டம் "இங்கே புதைக்காதே" என்றது. எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்ளலாம். கிரியோனோ "எங்கேயும் புதைக்காதே, ஊர் பார்க்க அழுகட்டும்" என்கிறான். எல்லையில் நின்றிருக்க வேண்டியவன் ஒரு அடி தாண்டிவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்காவது அந்த ஒரு அடி உறுத்தியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இனி ஆன்டிகனி பக்கம் வருவோம். அவள் கிரியோனின் உத்தரவைக் குறிக்க எடுக்கும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'கேருக்மா' என்கிறாள். முரசறைந்து சொன்ன அறிவிப்பு, தமுக்கடித்த செய்தி என்று வைத்துக்கொள்ளலாம். நாடகத்தின் எட்டாவது வரியிலேயே, "தளபதி என்னமோ அறிவித்திருக்கிறாராமே" என்று தங்கையிடம் கேட்கிறாள். அரசன் என்றுகூடச் சொல்லவில்லை, 'ஸ்ட்ராட்டிகோஸ்', தளபதி என்கிறாள். (சோஃபோகிளிஸே அந்த நாடகத்தை ஒட்டிய காலத்தில் அரசியல் தலைவர் பெரிக்ளீஸோடு ஏதென்ஸின் தளபதிகளில் ஒருவராக இருந்தவர். நாடகம் பிடித்துப்போய்த்தான் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.)

பிடிபட்டு வந்து நிற்கும்போது அவள் சொல்வது: இந்த அறிவிப்பைச் செய்தது ஜீயஸ் இல்லை, கீழுலகத் தெய்வங்களோடு இருக்கும் நீதியும் மனிதருக்கு இப்படி விதிக்கவில்லை. எழுதப்படாத, அசையாத தெய்வ விதிகளைத் தாண்டிப்போகும் அளவுக்கு, சாகப்போகிற ஒரு மனிதனின் அறிவிப்புக்கு வலு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவை இன்றைக்கோ நேற்றோ வந்தவை அல்ல, எப்போதும் இருப்பவை, எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது.

கிரேக்கத்தில் 'நோமோஸ்' என்றால் சட்டமும்தான், வழக்கமும்தான். எழுதி ஒட்டியதும் நோமோஸ், பாட்டி சொன்னதும் நோமோஸ். இதற்குச் 'சட்டம்' என்று மொழிபெயர்த்தால் பாதி போய்விடுகிறது. எனக்கு 'முறை' என்ற சொல்தான் பக்கத்தில் வருகிறது. அரசன் முறை செய்கிறான் என்கிறோம். செத்த வீட்டில் செய்முறை என்கிறோம். எனக்கு அவர் மாமன் முறை என்கிறோம். நீதி, சடங்கு, உறவு மூன்றுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தால் "குடும்பமா, சட்டமா" என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பிணத்துக்கு மண் போடுவது முறை. அதை ஒரு பொறுப்பாளி தடுப்பது முறைகேடு. ஆன்டிகனி தன்னைச் சட்டத்தை மீறியவளாகவே நினைக்கவில்லை. சட்டத்தை மீறியது மாமன்தான் என்கிறாள்.

சரி, அப்படியானால் அவள் பக்கம்தான் நியாயமா? அங்கேயும் சோஃபோகிளிஸ் நம்மை நிம்மதியாக உட்கார விடுவதில்லை.

அவள் உறவைப் பேசும்போதெல்லாம் வயிற்றைப் பேசுகிறாள். கிரேக்கத்தில் சகோதரனுக்குச் சொல்லும் 'அடெல்ஃபோஸ்' என்ற சொல்லின் வேரே "ஒரே கருப்பை" என்பதுதான். நம் சகோதரனும் அப்படித்தான் பிறந்தவன்: சக-உதரம், ஒரே வயிறு. "ஒரே வயிற்றில் பிறந்தவர்களை மதிப்பதில் என்ன வெட்கம்" என்று கிரியோனிடம் கேட்கும்போது அவள் இன்னும் ஒரு படி இறங்கி, ஒரே குடலிலிருந்து வந்தவர்கள் என்று பொருள்படும் ஒரு முரட்டுச் சொல்லைப் போடுகிறாள். வேறு குடும்பத்தில் இது வெறும் பாசம். இந்தக் குடும்பத்தில் அது முதுகைச் சில்லிட வைக்கும். ஏனென்றால் ஜோகாஸ்டாவின் வயிற்றில் பிறந்தவர்கள் நால்வர் இல்லை, ஐவர். ஈடிபஸும் அதே வயிறு. அவளுக்குத் தகப்பனும் அவனே, உடன்பிறந்தவனும் அவனே. ஒரே வயிறு என்ற உறவு அளவுக்கு மீறிப்போனதால் அழிந்த வீடு அது. அந்த வீட்டில் மிஞ்சியவள் அதே உறவைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அதே வயிற்றில் பிறந்த இன்னொருத்தி உயிரோடு பக்கத்தில் நிற்கிறாள். அவளை என்ன செய்கிறாள்? விடியற்காலையில் இஸ்மீனி, "நாம் பெண்கள், ஆண்களோடு மோதப் பிறக்கவில்லை, நம்மை ஆள்பவர்கள் நம்மைவிட வலியவர்கள்" என்று தயங்கிய அந்த நிமிடமே ஆன்டிகனி அவள் உறவை வெட்டிவிடுகிறாள். பின்னால் இஸ்மீனி தானாக வந்து "நானும் செய்தேன், நானும் சாகிறேன்" என்று நிற்கும்போதும் சேர்த்துக்கொள்வதில்லை; நீ வாழத் தேர்ந்தெடுத்தாய், நான் சாகத் தேர்ந்தெடுத்தேன் என்கிறாள். "வெறுப்பில் பங்கெடுக்க நான் பிறக்கவில்லை, அன்பில் பங்கெடுக்கவே பிறந்தேன்" என்று கிரியோனிடம் சொன்ன அவளேதான் இப்படி. அந்த வரியை மட்டும் தனியாக மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இதைவிடச் சங்கடமான இடம் ஒன்று உண்டு. சாகப் போகும் வழியில், கடைசியாக அவள் ஒரு கணக்குப் போடுகிறாள். புருஷன் செத்திருந்தாலோ பெற்ற பிள்ளை செத்திருந்தாலோ ஊரை எதிர்த்து இதைச் செய்திருக்க மாட்டேன். வேறு புருஷன் கிடைப்பான், வேறு பிள்ளை பிறக்கும். அப்பாவும் அம்மாவும் மண்ணுக்குள் போன பிறகு இன்னொரு உடன்பிறந்தவன் எங்கிருந்து வருவான்? எழுதப்படாத தெய்வ விதி என்று முழங்கியவள், திடீரென்று வியாபாரி மாதிரிப் பேசுகிறாள். ஜெர்மன் கவிஞர் கதே 1827இல் தன் நண்பர் எக்கர்மனிடம், இந்த வரிகள் சோஃபோகிளிஸ் எழுதியவை அல்ல என்று யாராவது ஒரு பண்டிதர் நிரூபித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அலுத்துக்கொண்டார். பிற்காலத்தில் யாரோ செருகியது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆனால் அரிஸ்டாட்டில் இந்த இடத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார், ஆகவே அவர் காலத்திலேயே அது நாடகத்தில் இருந்தது. இதே வாதம் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு பாரசீகக் கதையிலும் வருகிறது: ஒரே ஒருவரைக் காப்பாற்றிக்கொள் என்று அரசன் டேரியஸ் சொன்னபோது, புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு உடன்பிறந்தவனைக் கேட்ட பெண்ணின் கதை. ஆனால் அவள் கேட்டது உயிரோடிருப்பவனை. ஆன்டிகனி இறந்தவனுக்காகக் கேட்கிறாள், அதனால் அந்தக் கணக்கு அவளுக்குச் சரியாக உட்காரவும் இல்லை.

என்னைக் கேட்டால் அந்த வரிகள் அங்கேதான் இருக்க வேண்டும். ஊர் நடுவில் தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பேசுவது வேறு, கல்லறை வாசலில் தனியாக நின்று "நான் ஏன் இதைச் செய்தேன்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது வேறு. அந்த நேரத்தில் அவளுக்குக் கொள்கை உதவவில்லை. இவன் போனால் இவன்தான் என்ற துக்கம் மட்டும் மிஞ்சுகிறது, அதை ஒரு வாதமாக மாற்றப் பார்த்துத் தடுமாறுகிறாள். இழவு வீட்டில் இருந்தவர்களுக்கு இப்படித் தடுமாறும் பேச்சு புதிதாக இருக்காது.

நடுவில் ஒரு ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிணத்துக்குக் காவல் இருந்த காவலாளி. யாரோ மண் தூவிவிட்டார்கள் என்ற செய்தியைச் சொல்ல வருகிறான். ஓடி வரவில்லை என்று அவனே ஒத்துக்கொள்கிறான். "மடையா, தண்டனை வாங்கவா அவசரமாகப் போகிறாய்" என்று மனசு ஒரு பக்கம். "நின்றுவிட்டாயா, வேறு யாராவது முதலில் சொல்லிவிட்டால் உன் கதி என்ன" என்று இன்னொரு பக்கம். சின்ன தூரம் நீளமாகிவிட்டதாம். கிரியோன் உடனே "யாரிடம் காசு வாங்கினாய்" என்கிறான். தன் உத்தரவை ஒருவர் மனசாட்சிக்காக மீறக்கூடும் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை, லஞ்சம்தான் ஏறுகிறது. பிறகு ஆன்டிகனியைப் பிடித்துக் கொண்டுவரும்போது அந்தக் காவலாளி சொல்வது: தெரிந்தவர்களைச் சிக்கலில் மாட்டிவிடுவது வேதனைதான், ஆனால் எனக்கு என் உயிர் தப்புவதுதான் பெரிது. சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் என்று நாம் பெரிய வார்த்தையில் பேசுவது தரையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

கிரியோன் எங்கே தோற்கிறான் என்று கேட்டால், குருட்டு ஜோசியர் டைரீசியஸ் வந்து சாபம் சொல்லும் இடத்தைக் காட்டுவார்கள். எனக்கு அது ஹேமோன் காட்சியிலேயே முடிந்துவிட்டதாகப் படுகிறது. மகன் வாதாட வருகிறான். தகப்பன் கட்டுப்பாட்டைப் பற்றி நீளமாகப் பேசுகிறான், நடுவில் ஒரு வரி வழுக்கி விழுகிறது: ஊர் யாரைத் தலைவனாக வைத்ததோ அவன் சொல்லைக் கேட்க வேண்டும், சின்ன விஷயத்திலும், நியாயமான விஷயத்திலும், அதற்கு எதிரானதிலும். அதற்கு எதிரானதிலும்! கப்பல் நிமிர்ந்து ஓட வேண்டும் என்று தொடங்கியவன் வந்து சேர்ந்த இடம் இது.

ஹேமோன் காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கெட்டிக்காரப் பையன். உங்கள் முகத்துக்குப் பயந்து ஊர் வெளியே பேசவில்லை, இருட்டில் எல்லோரும் அவளுக்காக அழுவது என் காதில் விழுகிறது என்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளையோடு பிழைக்கும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்கிறான். பாய்மரக் கயிற்றைத் தளர்த்தாமல் இழுத்துக் கட்டினால் படகு கவிழும் என்கிறான். தகப்பனின் கப்பலைத் தகப்பனிடமே திருப்பிக் கொடுக்கிறான். ஊர் முதியவர்களாக மேடையில் நிற்கும் பாட்டுக்குழுவான கோரஸ், இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினீர்கள் என்று நழுவுகிறது. அப்புறம் சண்டை ஒற்றை வரிகளுக்கு இறங்குகிறது. "ஒருவனுக்கே சொந்தமானது ஊரே இல்லை." "ஊர் ஆள்பவனுக்குத்தானே சொந்தம்?" "ஆளில்லாத நிலத்தை நீங்கள் தனியாக நன்றாக ஆள்வீர்கள்."

நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டார்கள். அவர் நடித்தது கிரியோன் வேடம் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர் சட்டம் பேசுபவனின் வேடம் போட்டார். கிரியோனை வெறும் கொடுங்கோலனாக எழுதியிருந்தால் அப்படி ஒருவருக்கு அந்த வேடத்தில் யோசிக்க எதுவும் இருந்திருக்காது.

மகனோடு சண்டை முடிந்த கையோடு கிரியோன் தண்டனையை மாற்றுகிறான். கல்லால் அடிப்பதில்லை; ஆளரவமில்லாத இடத்தில் பாறைக் குகைக்குள் உயிரோடு அடைத்து, கொஞ்சம் சோறும் வைத்துவிடுவது. ஏன் சோறு? நாங்கள் கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள, பாவம் ஊரைப் பிடிக்காமல் இருக்க. சட்டம் சட்டம் என்று நின்றவன் இப்போது சட்டத்தில் சந்து தேடுகிறான். கல்லடிக்கு ஊரார் கை வேண்டும். அந்தக் கை வராது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது என் ஊகம்.

பிறகு வரும் டைரீசியஸ் அதையே தலைகீழ்க் கணக்காகச் சொல்கிறார்: மேலே இருக்க வேண்டியவளைக் கீழே புதைத்தாய், கீழே போக வேண்டியவனை மேலே வைத்திருக்கிறாய். கிரியோன் முதலில் இவரையும் காசு வாங்கியவர் என்கிறான். அவர் போன பிறகுதான் நடுங்குகிறான். கோரஸ் தெளிவாகச் சொல்கிறது: முதலில் போய்ப் பெண்ணை வெளியே விடு, பிறகு கிடக்கிறவனுக்குக் கல்லறை கட்டு.

அவன் வரிசையை மாற்றிவிடுகிறான். முதலில் பாலினைசிஸிடம் போகிறான். நாய்கள் குதறிய மிச்சத்தைக் கழுவி, புதிதாக வெட்டிய கிளைகளில் எரித்து, சொந்த மண்ணில் மேடு எழுப்புகிறான். எல்லாம் முறைப்படி. அதன் பிறகுதான் குகைக்குப் போகிறான். உள்ளே ஆன்டிகனி தன் துணியால் சுருக்குப் போட்டுத் தொங்கிவிட்டாள், ஹேமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். தகப்பனைப் பார்த்ததும் வாளோடு பாய்ந்து, குறி தவறி, அதே வாளில் தானே விழுகிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், புருஷனைச் சபித்தபடி குத்திக்கொண்டு சாகிறாள்.

நாடகம் மொத்தம் சுமார் 1350 வரி. ஆன்டிகனி 943ஆவது வரியோடு மேடையை விட்டுப் போகிறாள், திரும்புவதில்லை. ஹேமோனின் உடலைக் கிரியோன் கையில் ஏந்தி வருகிறான், யூரிடிசியின் உடலையும் நமக்குக் காட்டுகிறார்கள். மகனே, மனைவியே என்று அரற்றுகிறான். மருமகள் பெயர் அவன் வாயில் வருவதில்லை. குகையில் கிடந்த அவள் உடலை யார் எடுத்தார்கள், யார் மண் போட்டார்கள் என்று கடைசி வரி வரை ஒருவரும் சொல்வதில்லை.